லேப் மேனுவலும் பட அட்லஸும்: தம்பிக்கு எதை வாங்குவது, எதை விடுவது?

லயத்துவீட்டு அக்கா (சுங்கை சிப்புட், மலேசியா)

எல்லாருக்கும் வணக்கம். தம்பி எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டுக் கம்பாரில் உயிரியல் பட்டப்படிப்பில் சேர்கிறான். நான் கணக்கியல் படித்தவள். லேப் பக்கமே போனதில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வகுப்பு தொடங்கும் முன்பே புத்தகப் பட்டியல் வந்துவிட்டது. பாடநூல்கள் போக, லேப் மேனுவல் (செய்முறைக் கையேடு) ஒன்று, அட்லஸ் (படத்தொகுப்பு நூல்) இரண்டு. ஒன்று தாவரம், விலங்கு மாதிரிகளுக்கு, இன்னொன்று திசுக்களுக்கு மட்டும். ஈப்போவில் விலை கேட்டேன். கேட்டுவிட்டு மரியாதையாக வெளியே வந்துவிட்டேன். அப்பா செம்பனை ஆலையில் வேலை செய்கிறார், புரிந்துகொள்வீர்கள். என் காலத்தில் புத்தகப் பற்றுச்சீட்டு என்று 2012ல் 200 வெள்ளி கொடுத்தார்கள், அதில் ஓரளவு சமாளித்தேன். அந்தத் திட்டம் இப்போது இல்லை.

பழைய பதிப்பு போதுமா? இந்தியப் பதிப்பு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? ஃபோட்டோஸ்டாட் எடுத்துக் கொடுத்தால் ஆகாதா? இணையத்தில் இவ்வளவு படம் கிடக்கும்போது அட்லஸ் எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லேப்காரர் (ஓய்வுபெற்ற இடைநிலைப்பள்ளி லேப் உதவியாளர்)

மகளே, முதலில் ஒன்று. மேனுவலை இப்போது வாங்கவே வாங்காதே. முதல் வாரம் போகட்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அந்தந்தத் துறையே செய்முறைத் தாள்களை அச்சடித்தோ இணையத்தில் ஏற்றியோ கொடுத்துவிடும். பட்டியலில் இருக்கும் மேனுவல் பல நேரம் சும்மா பரிந்துரைதான். கடைசிவரை பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடக்கும். வேறு ஊர் மேனுவலில் சோதனை அதேதான் என்றாலும் கரைசலின் அளவு, கருவி, நேரம் எல்லாம் மாறும். லேபில் கையில் இருக்க வேண்டியது அந்த லேபின் தாள்தான்.

அட்லஸ் கதை வேறு. அதைத் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டும். கடையில் நின்றபடியே பரிசோதித்துப் பார்க்கலாம். வெங்காய வேர்நுனியில் செல் பிரிவதைக் காட்டும் பக்கத்தைத் திற. நல்ல நாலைந்து செல்லை மட்டும் வெட்டி எடுத்து, இது புரோஃபேஸ், இது மெட்டாஃபேஸ், இது அனாஃபேஸ் என்று வரிசையாக ஒட்டியிருந்தால் அந்த அட்லஸ் பாதி வேலைதான் செய்கிறது. உண்மையான ஸ்லைடில் பெரும்பாலான செல்கள் இன்டர்ஃபேஸில், அதாவது பிரியாத நிலையில், இருக்கும். நல்ல அட்லஸ் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் வேர்நுனி முழுவதையும் காட்டும், செல் பிரியும் பகுதி எங்கே என்று காட்டும், அப்புறம்தான் கிட்டே போகும்.

அடுத்து, படத்தின் மூலையில் அளவுகோடு (உண்மை அளவைக் காட்டும் கோடு) இருக்கிறதா பார். படத்துக்கு அடியில் எந்தச் சாயம் என்று போட்டிருக்கிறதா பார். புகைப்படத்துக்குப் பக்கத்தில் கோட்டோவியம் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது.

பழைய பதிப்பு கேட்டாய். அட்லஸ் என்றால் தாராளமாக வாங்கலாம். மக்காச்சோளத் தண்டின் உள்ளே பத்து வருஷத்தில் எதுவும் இடம் மாறிவிடாது. பூஞ்சை, பாசி, பாக்டீரியா ஆகியவற்றின் வகைப்பாடும் பெயரும் மட்டும் மாறியிருக்கும், அதைப் பாடநூலில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் பழைய மேனுவல் மட்டும் வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துப் புத்தகங்களில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சச் சொல்லியிருப்பார்கள். பென்சீனைத் தண்ணீர் மாதிரி புழங்கச் சொல்லியிருப்பார்கள். பன்சன் அடுப்புக்கு மேலே அஸ்பெஸ்டாஸ் வைத்த கம்பி வலை. அந்தப் பழக்கம் எதுவும் பையனுக்கு வேண்டாம்.

நகல்கடைப் பையன்

அக்கா, நானே ஃபோட்டோஸ்டாட் கடையில் வேலை செய்கிறவன், இருந்தும் சொல்கிறேன், அட்லஸை நகல் எடுக்காதீர்கள். கருப்பு வெள்ளையில் எடுத்தால் தாவரத் திசுவில் சஃப்ரனின் போட்ட சிவப்பும் ஃபாஸ்ட் கிரீன் போட்ட பச்சையும் ஒரே சாம்பல். எது சைலம் (நீர் கடத்தும் திசு), எது மற்றது என்று காட்டத்தான் அந்த இரண்டு நிறமும். அது போனால் படத்தில் என்ன மிச்சம்? கலர் நகல் எடுத்தால் புத்தக விலையில் பாதி வந்துவிடும்.

இன்னொரு கூத்து. காசு மிச்சம் பிடிக்க ஏ4 பக்கத்தை ஏ5 ஆகச் சுருக்கித் தரச் சொல்வார்கள். படத்துக்குக் கீழே '400 மடங்கு' என்று அச்சாகியிருக்கும். படத்தில் ஒரு செல் 40 மில்லிமீட்டர் நீளம் இருந்தால், 400ஆல் வகுத்து 0.1 மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரான் என்று கணக்குப் போடுவோம். சுருக்கிய தாளில் அதே செல் 28 மில்லிமீட்டர்தான் இருக்கும். கீழே இன்னும் 400 என்றே இருப்பதால் விடை சுமார் 70 மைக்ரான் வரும். அளவுகோடு உள்ள படத்தில் இந்தத் தொல்லை இல்லை, கோடும் சேர்ந்தே சுருங்கும். மேலே அந்த அங்கிள் அளவுகோட்டைப் பார்க்கச் சொன்னது சும்மா இல்லை. ஆறாம் படிவப் பிள்ளைகள் இந்த மாதிரித் தாளோடு வந்து, 'விடை ஏண்ணே தப்பா வருது' என்று என்னிடம் கேட்பார்கள்!

மட்டுறுத்துநர்

நினைவூட்டல்: திருட்டுப் பிடிஎஃப் இணைப்புகளை இங்கே போடாதீர்கள். முழுப் புத்தகத்தை நகலெடுத்து விற்பதற்கும் இது இடம் இல்லை. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் படிப்புக்காக நியாயமாகப் பயன்படுத்திக்கொள்ள வழி விட்டிருக்கிறது. அதற்காக முழு அட்லஸையும் ஸ்கேன் செய்து குழுவில் அனுப்புவது அதில் அடங்காது. நேற்று இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கம்பார் ரெண்டாம் வருஷம்

அக்கா, நான் அதே ஊரில்தான் படிக்கிறேன், உயிரியல்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

செய்முறை வகுப்பில் மதிப்பெண் மூன்று இடத்தில் போகும். முதலாவது படம் வரைவது. கூரான பென்சில், ஒரே தொடர்ச்சியான கோடு, நிழல் தீட்டக் கூடாது, பெயர்க்கோடுகள் அடிமட்டம் வைத்து ஒன்றையொன்று வெட்டாமல் போக வேண்டும், அம்புமுனை போடக் கூடாது. குறைந்த உருப்பெருக்கத்தில் வரையும் வரைபடத்தில் தனித்தனி செல்லை வரைந்தால் உடனே வெட்டு. பக்கத்தில் பாதியாவது நிறைய வேண்டும். இது எதுவும் அட்லஸில் கிடைக்காது. அட்லஸைப் பார்த்துத்தான் வரைந்தான் என்பது விரிவுரையாளருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும், ஏனென்றால் அவன் படம் ஸ்லைடை விட அழகாக இருக்கும்.

இரண்டாவது, ஸ்லைடையோ மாதிரியையோ வைத்து 'இது என்ன' என்று கேட்கும் தேர்வு. மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். அட்லஸ் மனப்பாடக்காரர்கள் மாட்டுவது இங்கேதான். அட்லஸில் படம் நடுவில், நிமிர்ந்து, சுத்தமாக இருக்கும். மேசையில் இருக்கும் ஸ்லைடு சாய்ந்திருக்கும், ஒரு காற்றுக்குமிழி இருக்கும், சாயம் மங்கியிருக்கும். பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில், கையில் பாஸ்போர்ட் போட்டோவை வைத்துக்கொண்டு ஒரு ஆளைத் தேடுகிற மாதிரிதான். எங்கள் பேட்சில் காற்றுக்குமிழியைச் செல் என்று அம்சமாக வரைந்து பெயர் போட்டவர்களும் உண்டு.

மூன்றாவது அறுவை. எலி மல்லாந்து கிடக்கும். அதன் வலப்பக்கம் நமக்கு இடப்பக்கம். அட்லஸிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கும், ஆனால் புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு பார்ப்பவர்களை என்ன செய்வது? அமெரிக்க அட்லஸ்களில் அறுவைப் பகுதி முழுக்கப் பன்றிக்குட்டிக் கருவாக இருக்கும். நம் நாட்டில் அதை மேசையில் வைக்க மாட்டார்கள். அந்தப் பக்கங்களுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

எஸ்.பி.எம்.மில் (ஐந்தாம் படிவத் தேர்வு) மலாயில் படித்த பெயர்களெல்லாம் இங்கே ஆங்கிலத்தில் வரும், முதல் மாதம் தலை சுற்றும். ஓரத்தில் இரண்டையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

புத்தகப்பூச்சி

எல்லாரும் அட்லஸை ஏதோ பிட்டுத்தாள் மாதிரிப் பேசுகிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெயர் தெரியாத ஒன்றைக் கண் பார்க்காது. முதன்முதலில் நுண்ணோக்கியில் குனிகிற பிள்ளைக்குத் தெரிவது இளஞ்சிவப்புச் சேறு, அதில் ஊதாப் புள்ளிகள். ஹீமடாக்சிலின் கருவை நீலஊதா ஆக்கும், ஈயோசின் மற்றதை இளஞ்சிவப்பு ஆக்கும் என்று முன்னாடியே படத்தில் பார்த்திருந்தால்தான் அந்தச் சேற்றில் ஏதாவது பிடிபடும்.

படம் என்றால் புகைப்படம்தான் உண்மை, ஓவியம் கற்பனை என்று நினைப்பதும் சரியில்லை. 1858ல் வெளிவந்த கிரேயின் உடற்கூறு நூலை இன்றும் உலகம் நினைவில் வைத்திருப்பதற்குப் பாதிக் காரணம் ஹென்றி வான்டைக் கார்ட்டர் வரைந்த படங்கள். உறுப்பின் பெயரைத் தனியாக ஒரு மூலையில் போடாமல் உறுப்பின் மேலேயே எழுதினார். நரம்பும் நாளமும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் இடத்தில் எதைக் காட்ட வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்று ஓவியன் முடிவெடுக்கிறான். கேமராவால் அது முடியாது. தம்பிக்குக் காசு ஒரு அட்லஸுக்குத்தான் இருக்கிறதென்றால், ஓவியமும் புகைப்படமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் புத்தகத்தை வாங்குங்கள். முதல் நாளே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய லேப்காரர்

தம்பி, முன்னாடி பார்ப்பதில் எனக்குத் தகராறு இல்லை. வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும். லேபில் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் விரித்து வைப்பதுதான் கூடாது. நான் பார்த்தவரை, பக்கத்தில் புத்தகம் திறந்திருந்தால் பிள்ளையின் கண் ஸ்லைடில் இருப்பதே இல்லை. முதலில் பென்சிலால் ஒரு தடவை தானே வரையட்டும், அப்புறம் திறந்து ஒப்பிடட்டும். எது விட்டுப்போயிற்று என்று அப்போதுதான் தெரியும்.

ஈப்போ எம்.எல்.டி. அண்ணன் (மருத்துவமனை ஆய்வகம்)

ஸ்லைடு பார்த்தே சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் ஒரு கதை. அட்லஸை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

மலேரியாவில் நோலெசி என்று ஒரு கிருமி, குரங்கிடமிருந்து வருவது. இயற்கையாக மனிதனுக்கு அது தொற்றியது முதலில் தெரியவந்தது 1965ல், பகாங் காட்டுக்குப் போய்வந்த ஒரு அமெரிக்கருக்கு. அதற்குப்பின் பல காலம் அது ஒரு அபூர்வ சம்பவம் என்றே இருந்தது. சரவாக்கின் காப்பிட் பகுதியில் ஆய்வாளர்கள் நோயாளிகளின் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி 2004ல் முடிவை வெளியிட்டபோதுதான், நுண்ணோக்கியில் பார்த்து 'மலேரியே' (வேறொரு வகை மலேரியாக் கிருமி) என்று எழுதப்பட்டவற்றில் நிறைய உண்மையில் நோலெசி என்று தெரிந்தது.

காரணம் எளிது. நோலெசியின் இளம் வளைய நிலை ஃபால்சிபாரம் என்ற இன்னொரு மலேரியாக் கிருமி மாதிரி இருக்கும். வளர்ந்த நிலை, சிவப்பணுவின் குறுக்கே பட்டை போட்டதுபோல, மலேரியே மாதிரியே இருக்கும். அட்லஸில் பட்டைக்குப் பக்கத்தில் போட்டிருந்த பெயர் மலேரியே, அதனால் பார்த்தவர்கள் அதையே எழுதினார்கள். யாரும் கவனக்குறைவாக வேலை செய்யவில்லை. இரண்டுக்கும் நடத்தை வேறு: மலேரியே 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும், நோலெசி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒன்று மெதுவாகப் போகும், மற்றது சில நாளில் ஆளைப் படுக்கவைத்துவிடும். இப்போது எங்களுக்குக் காட்டோரம், தோட்டத்தோரம் இருக்கிற நோயாளி என்றால் பட்டையைப் பார்த்ததும் பெயர் எழுதக் கை வராது. மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை.

ஆக, தம்பிக்கு அட்லஸ் வாங்கிக்கொடுங்கள். 'இதைப் போலவே இருக்கும் வேறு எது?' என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்கும் அட்லஸாகப் பாருங்கள். அந்த ஒரு வரி உள்ள புத்தகம்தான் வேலைக்கு உதவும். ஒட்டுண்ணிகளுக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. நடத்தும் டி.பி.டி.எக்ஸ். தளத்தில் படங்கள் இலவசமாக இருக்கின்றன.

ஃபீனாஃப்தலீன் (வேதியியல் டியூஷன்)

இந்தியப் பதிப்பு பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. உயிரியல் அட்லஸ் என்றால் இந்தியப் பதிப்பு பரவாயில்லை. தாள் கொஞ்சம் மெலிசு, நிறம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். வேதியியல் மேனுவல் என்றால் கவனம். அங்கே நிறையப் புத்தகங்களில் இன்னும் நார்மாலிட்டி என்ற பழைய செறிவு அளவில் கணக்குப் போடுகிறார்கள். நம் பிள்ளைகள் படித்தது ஒரு கன டெசிமீட்டருக்கு எத்தனை மோல் என்ற கணக்கு. சல்பூரிக் அமிலம் 0.1 நார்மல் என்றால் 0.05 மோல். அமிலக் கரைசலில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் 0.1 நார்மல் என்றால் 0.02 மோல். ஒரே 0.1, ஒன்றில் இரண்டால் வகுக்க வேண்டும், மற்றதில் ஐந்தால். தெரியாமல் அப்படியே கலக்கினால் டைட்ரேஷன் முழுக்க ஊத்திக்கொள்ளும்.

வேதியியலுக்கு அட்லஸ் என்று தனியாக எதுவும் தேவையில்லை. அகச்சிவப்பு நிறமாலையில் அலையெண் 1700க்கு அருகே கூர்மையாக இறங்கினால் கார்போனில் தொகுதி, 3300 சுற்றி அகலமாகத் தொங்கினால் ஓ.எச். தொகுதி. இப்படி ஒரு பக்க அட்டவணை போதும். இயற்பியல்காரர்களுக்கு அதுவும் வேண்டாம்.

லயத்துவீட்டு அக்கா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்தேன். அவன் ஒன்று கேட்கிறான். கடையில் புரட்டிய அட்லஸில் வேர் என்றால் ரனன்குலஸ், மரத்தண்டு என்றால் டிலியா, மகரந்தப்பை என்றால் லில்லி. முதல் இரண்டையும் அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. நம் சுற்றுவட்டாரத்தில் இருப்பது பால்மரமும் (ரப்பர்) செம்பனையும். அவற்றுக்கு அட்லஸ் இல்லையா?

பால்வெட்டு வீட்டுப் பிள்ளை

உன் தம்பி கேட்டது சரியான கேள்வி தங்கச்சி. அந்த அட்லஸ்கள் குளிர்நாட்டில் உருவானவை. அங்கே வயலோரம் முளைக்கிற செடி ரனன்குலஸ், தெருவோர மரம் டிலியா. ஸ்லைடு விற்கும் கம்பெனிகளும் அதையே வெட்டி உலகம் பூராவும் அனுப்புகிறார்கள். நமக்குப் பக்கத்துக் கோலகங்சாரில் 1877ல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, ஆனால் லேபில் நம் பிள்ளைகள் வெட்டிப் பார்ப்பது என்னவோ டிலியா.

அம்மா பால் வெட்டினவர். நான் பிற்பாடு தாவரவியல் படித்தேன். அம்மா கையில் செய்த ஒவ்வொன்றுக்கும் பட்டையின் உள்ளே காரணம் இருப்பதை நுண்ணோக்கியில் பார்த்தேன். பால் வருவது மரக்கட்டையிலிருந்து இல்லை, பட்டையில் உள்ள ஃபுளோயத்திலிருந்து (உணவு கடத்தும் திசு). அங்கே பால்நாளங்கள் வளையம் வளையமாக அடுக்கியிருக்கும். வெளிப்பட்டையில் கல்செல்கள் நிறைய, கத்திக்கு நறநற என்று தட்டுப்படும், நாளங்கள் அங்கே குறைவு. உள்ளே கேம்பியத்துக்கு (புதுச் செல்களை உருவாக்கும் படலம்) கிட்டேதான் நாளங்கள் நெருக்கம். அதனால் ஆழமாக வெட்டினால் பால் அதிகம். ஆனால் கேம்பியத்தில் கத்தி பட்டால், வெட்டிய இடத்தில் திரும்ப வளரும் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றுக்கு அந்த இடம் உதவாது. ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை மிச்சம் விட வேண்டும். காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு மில்லிமீட்டர்! வெட்டு ஆழமாகப் போனால் தண்டல் (தோட்ட மேற்பார்வையாளர்) திட்டுவாரே, அது இதற்குத்தான்.

வெட்டு ஏன் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்கிறது? நாளங்கள் நேர் செங்குத்தாக ஓடுவதில்லை, சுமார் 3.5 டிகிரி சாய்ந்து சுருள்போல ஏறுகின்றன. இந்தப் பக்கம் சாய்த்து வெட்டினால் ஒரே நீள வெட்டில் அதிக நாளங்கள் அறுபடும். பட்டையைக் குறுக்கே சீவிப் பார்த்தால் நாளங்கள் புள்ளி வரிசையாகத் தெரியும். மரத்தின் மேற்பரப்புக்கு இணையாகச் சீவினால் அதே நாளங்கள் ஒன்றோடொன்று பின்னிய வலையாகத் தெரியும். ஒரே பொருள், வெட்டும் திசை மாறினால் இரண்டு படம். உன் தம்பி இதை ஒருமுறை கையால் செய்துவிட்டால், அட்லஸில் 'குறுக்குவெட்டு', 'நீள்வெட்டு' என்று போட்டிருப்பதைப் பிறகு அசட்டையாகத் தாண்டிப் போக மாட்டான்.

செம்பனைக்கும் இருக்கிறது. ஒருவித்திலை என்பதால் உள்ளே நாளக்கற்றைகள் சிதறிக் கிடக்கும். மட்டையின் குறுக்குவெட்டில் வெறும் கண்ணுக்கே புள்ளிகள் தெரியும். மக்காச்சோள ஸ்லைடுக்காக அலைய வேண்டியதில்லை. ஆண் பூங்கொத்தைத் தட்டினால் சின்ன வண்டுகள் கொட்டும், கைலென்ஸில் பார்க்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து 1981ல் இங்கே கொண்டுவந்து விட்டவை. அதற்கு முன்னால் பல தோட்டங்களில் ஆள் வைத்துத்தான் பூவுக்கு மகரந்தத்தூள் அடித்தார்கள், பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள்.

இலைத்துளைக்கு ரியோ செடி. கோயில் வாசலிலும் பள்ளி வேலியோரத்திலும் இருக்குமே, மேலே பச்சை, அடியில் ஊதா. அடித்தோலை உரித்து ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்தால் ஊதா செல்களுக்கு நடுவே பச்சைக் காவல்செல்கள். சாயமே வேண்டாம். சர்க்கரைக் கரைசலை மாற்றி மாற்றிப் போட்டால் ஊதா நிறம் சுருங்கி விலகுவதும் தெரியும்.

புத்தகப்பூச்சி

அண்ணே, நீங்கள் சொன்னதைப் படம் எடுத்து ஒழுங்காகத் தொகுத்தால் அதுவே அட்லஸ். யாராவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகாமல் நானே பக்கம் அமைத்துத் தருகிறேன். படம் மட்டும் வரட்டும்.

பெயர் வேண்டாம்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அட்லஸில் 'சிவப்பாகத் தெரிவது சைலம்' என்று எழுதியிருந்தால் எனக்கு அது பயனில்லை. ஆண் பிள்ளைகளில் இது அவ்வளவு அபூர்வமும் இல்லை. என்ன செய்வது?

ஈப்போ எம்.எல்.டி. அண்ணன்

விளக்குக்கு மேலே பச்சை வடிகட்டி வையுங்கள். இல்லையென்றால் பச்சை செல்லோஃபேன் தாள் ஒரு துண்டு. பச்சை வெளிச்சத்தில் சஃப்ரனின் ஏறிய இடம் கறுப்பாகும், ஃபாஸ்ட் கிரீன் ஏறிய இடம் வெளிறித் தெரியும். நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள்: தடித்த சுவர், உள்ளே வெற்றிடம், பெரிய வாய் என்றால் சைலம். விரிவுரையாளரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள், தேர்வு மேசையில் வந்து சொல்லாதீர்கள்.

கம்பார் ரெண்டாம் வருஷம்

இணையத்தைப் பற்றியும் அக்கா கேட்டிருந்தார். கூகுளில் படம் தேடாதீர்கள், பெயர் தப்பாகப் போட்ட படம் அங்கே ஏராளம். ஸ்லைடுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் திசுவியல் ஸ்லைடுகள் இருக்கின்றன. ஸ்லைடு முழுவதையும் ஸ்கேன் செய்து வைத்திருப்பதால், உண்மையான ஸ்லைடு மாதிரியே இழுத்து, நகர்த்தி, தேடிப் பார்க்க வேண்டும். பாடநூலுக்கு ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ், இலவசம், பதிவிறக்கவும் சட்டப்படி அனுமதி உண்டு. இயற்பியல், வேதியியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட், திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் செயலிகள்.

ஆனால் லேபில் வைஃபை இழுக்காது. கையுறை போட்ட கையால் போனைத் தொடவும் விடமாட்டார்கள். அதனால் ஒரு அட்லஸாவது அச்சில் இருக்கட்டும். தாவரம், விலங்கு இரண்டும் சேர்ந்ததை வாங்குங்கள். திசு அட்லஸை விடுங்கள், நூலகத்தில் இருக்கிறது. முதல் வருஷத்தில் திசுவியல் ஒரு சில வாரம்தான் வரும். சீனியர்கள் பழையதை விற்கும்போது நான் சொல்கிறேன்.

லயத்துவீட்டு அக்கா

சரி, முடிவு செய்துவிட்டோம். மேனுவல் இப்போது இல்லை. திசு அட்லஸ் இல்லை. மற்ற அட்லஸ் பழைய பதிப்பு, சீனியரிடம். மிச்சக் காசில் கைலென்ஸும் ஸ்லைடு ஒரு பெட்டியும். அப்பா பால்மரப்பட்டை கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார், பக்கத்துச் சிறுதோட்டத்தில் தெரிந்தவர் இருக்கிறார். ஆனால் பச்சையாக வெட்டினால் பால் ஒழுகி எல்லாம் ஒட்டிக்கொள்ளாதா?

பழைய லேப்காரர்

ஒட்டும். வெட்டிய உடனே பட்டைத் துண்டை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு மூடிவை. சில நாளில் பால் நாளத்துக்குள்ளேயே உறைந்துவிடும். அப்புறம் புதுச் சவரப் பிளேடால் மெலிசாகச் சீவ வேண்டும். பிளேடும் பட்டையும் ஈரமாகவே இருக்கட்டும். பத்துத் துண்டு சீவினால் ஒன்று தேறும், அதில் சலிப்பு வேண்டாம். சூடான் III சாயத்தில் கொஞ்ச நேரம் வை, ரப்பர் செந்நிறமாகும். ஆல்கஹாலில் லேசாக அலசி, கிளிசரினில் வைத்து மூடு. போனில் படம் எடுக்கும்போது, அதே உருப்பெருக்கத்தில் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரையும் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல். அதில் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்திருக்கும், ஒரு பிரிவு 10 மைக்ரான். அது இல்லாத படத்தைப் புத்தகப்பூச்சி வாங்கக் கூடாது.

மைக்ரோமீட்டர் என்னிடம் ஒன்று இருக்கிறது, சொந்தக் காசில் வாங்கியது. பையனை வரச்சொல், தருகிறேன். 100 மடங்கு லென்ஸை இறக்கி அதை உடைத்தால் மட்டும் விலை கேட்பேன்.

பால்வெட்டு வீட்டுப் பிள்ளை

சூடான் சாயம் என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன். பட்டை எடுக்கும்போது எந்த மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், வெட்டாத பக்கமா மறுபட்டையா என்று அப்பாவை ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மேல்பக்கம் எது என்று பென்சிலால் ஒரு அம்புக்குறியும் போடட்டும். குப்பியில் போட்டபிறகு எது மேல், எது கீழ் என்று தெரியாது.